முன்னேற்றத்துடன் வீடு சென்றவர்கள்

பணி ஓய்வு பெற்றவனை அலுவலகம் மறுபடியும் கூப்பிடுகிறது என்றால் இரண்டு காரணங்கள்தான் இருக்க முடியும். தணிக்கைக்காரர்கள் எதையாவது கண்டுபிடித்திருப்பார்கள். இல்லையென்றால், எதையாவது கண்டுபிடிக்க முடியாமல் திணறுவார்கள். என்னைக் கூப்பிட்டபோது இரண்டும் இல்லை. காய்ச்சல் என்றார்கள்.

முப்பத்து மூன்று ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளின் பதிவேட்டுப் பிரிவில் இருந்தவன் நான். ஒரு நோயாளி வந்தார், படுத்தார், போனார் என்பதைத் தாளில் நிரூபிப்பது என் தொழில். எப்படிப் போனார் என்பதற்கும் தாளில் ஒரு கட்டம் உண்டு. குணம், முன்னேற்றம், மாற்றமில்லை, மருத்துவ ஆலோசனைக்கு எதிராக, இறப்பு. ஐந்தில் ஒன்றை எழுதிக் கோப்பை மூட வேண்டும். மனிதன் ஒரு மருத்துவமனையை விட்டு வெளியேற இந்த ஐந்து வாசல்கள்தான் என்று அச்சகத்தில் யாரோ முடிவு செய்திருந்தார்கள்.

கூப்பிட்டவர் சமூக மருத்துவத் துறையின் இளம் பெண் டாக்டர். அவருடைய ஆய்வின் கேள்வி எளிது. இன்ஃப்ளூயன்சா என்று தொண்டைச் சளிப் பரிசோதனையில் உறுதியாகி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் முப்பது நாளுக்குள் என்ன ஆனார்கள்? இதற்கு மாவட்டத்தின் மூன்று மருத்துவமனைகளின் பதிவேடுகளை ஒன்றோடொன்று பிணைக்க வேண்டும். ஒரே ஆள் தாலுகா மருத்துவமனையில் ஓர் எண்ணாகப் படுப்பார், பெரிய மருத்துவமனைக்கு வேறோர் எண்ணாகப் போவார், பிறகு மிஷன் மருத்துவமனையில் மூன்றாவது எண்ணாக எழுந்து உட்காருவார். கொரோனா ஆண்டுகளை அவர் கவனமாக வெட்டி எடுத்திருந்தார். அந்த ஆண்டுகளில் எந்தத் தாள் யாருடையது என்று சித்திரகுப்தனுக்கே தெரிந்திருக்காது.

கணினி ஏற்கெனவே ஒரு முறை பிணைத்துப் பார்த்திருந்தது. கைபேசி எண்ணை வைத்துப் பிணைத்ததால், ஒரே எண்ணைக் கொடுத்திருந்த மாமியாரையும் மருமகளையும் ஒரே ஆளாக்கிவிட்டது. அந்த வீட்டில் வேறு யாராலும் செய்ய முடியாத காரியம். அதனால்தான் நான் தேவைப்பட்டேன். பூட்டிய அறையில் உட்கார்ந்து, பெயர், வயது, வீடு நிற்கும் தோப்பு அல்லது விளை, கூட வந்தவர் என்ன உறவு என்று பார்த்து, இது அதே ஆள், இது வேறு ஆள் என்று நான் பிரிப்பேன். அதன்பின் பெயரை நீக்கி எண் ஒன்று போடப்படும். டாக்டர் கையில் போவது எண் மட்டும்.

மூன்று மாதம் அமைதியாகப் போயிற்று. நான்காம் மாதம் ஒரு திங்கட்கிழமை டாக்டர் அறைக்குள் வந்து, கதவைச் சாத்தி, உட்காராமல் நின்றார்.

"சார், இடைக்கால அட்டவணைய மேல அனுப்பியிருந்தேன்ல. அத வச்சு ஒருத்தருக்கு மெமோ குடுத்திருக்காங்க."

அட்டவணையை நான் அப்போதுதான் முழுதாகப் பார்த்தேன். மூன்று மருத்துவமனைகள், பல வார்டுகள். எல்லா வார்டுகளிலும் முன்னேற்றம், முன்னேற்றம் என்று வரிசை ஓடியது. தாலுகா மருத்துவமனையின் ஒரு வார்டில் மட்டும் இறப்பு எண்ணிக்கை துருத்திக்கொண்டு நின்றது. அந்த வார்டு டாக்டருக்குத்தான் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மேலதிகாரி முன் கூட்டம். பதில் திருப்தியாக இல்லை என்றால் தற்காலிகப் பணிநீக்கம், பின்னால் விசாரணை. விசாரணை என்பது எத்தனை ஆண்டு ஓடும் என்று எனக்குத் தெரியும். ஆளின் தலை நரைத்த பிறகு, குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று ஒரு வரி வரும். அதற்குள் செய்தி வெளியே கசிந்தால், அவர் வார்டில் இறந்தவர்களின் வீட்டார் அவர் வாசலில் வந்து நிற்பார்கள். அவர் டாக்டராக இருப்பது அன்றோடு முடிந்தது.

"எங்கயோ தப்பு இருக்கு சார்," என்றார் டாக்டர். "ஒரே ஊசி, ஒரே மாத்திரை, ஒரே மாதிரி நோயாளிங்க. எப்படி இந்த ஒரு வார்டுல மட்டும்?"

"பார்ப்போம்," என்றேன்.

பார்க்க ஒன்றும் இல்லை. அட்டவணையைக் கண்ட மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் அன்று முழுவதும் வாயைத் திறக்கவில்லை. காரணம் எளிது. அந்தத் தப்பைச் செய்தவன் நான்.

எங்கள் மாவட்டத்தில் ஆளை மருத்துவமனையில் சாக விடுவதில்லை. இனி ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் காதோடு சொன்ன உடனே, மூச்சு இருக்கும்போதே வீட்டுக்குக் கொண்டு போய்விடுவார்கள். சில இந்து வீடுகளில், வெளியே பிரிந்த உயிரின் உடலை உள்ளே எடுக்க மாட்டார்கள். கிறிஸ்தவ வீடுகளில் சொந்தக் கட்டிலில், வீட்டார் சுற்றி நின்று ஜெபிக்கும்போது உயிர் போக வேண்டும். அய்யாவழிக்காரர்கள், வியாபாரிகள், வாத்தியார்கள், எல்லோரும் இப்படித்தான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மாவட்டத்தில் மத நல்லிணக்கம் பூரணமாக இருந்தது.

சிக்கல் ஐந்தாம் வாசலில் அல்ல, நான்காம் வாசலில். அப்படிக் கொண்டு போனால் விதிப்படி 'மருத்துவ ஆலோசனைக்கு எதிராக' என்று எழுத வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் திற்பரப்புப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் பதிவேட்டு அறைக்கு வெளியே என் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மாவை வேனில் ஏற்றிவிட்டு வந்திருந்தார்.

"சாரே, எதிராகன்னு மட்டும் எழுதாண்டாம். அண்ணன் துபாயில நிக்கான். நாளைக்கு வந்து டிஸ்சார்ஜ் கடலாசத்தான் கேப்பான். தள்ளய நீயேதான் கொண்டு போயி கொன்னேன்னு எனக்க கழுத்தப் பிடிப்பான்."

"பின்ன என்ன எழுதணும்?"

"நல்லாயிட்டு வீட்டுக்குப் போனாளுன்னு எழுதுங்க. ரெண்டு நாளு கழிஞ்சு தெய்வம் எடுத்துக்கிட்டா, அதுக்கு நாங்க என்ன செய்ய?"

அன்று நான் எழுதச் சொன்னது 'முன்னேற்றம், உறவினர் வேண்டுகோளின்படி'. அதில் இரக்கமும் இருந்தது, கோப்பு தகராறில்லாமல் மூடப்படும் என்ற கணக்கும் இருந்தது. எது அதிகம் என்று இப்போது பிரிக்க முடியவில்லை. மாதாந்திரப் பயிற்சியில் மற்ற மருத்துவமனைகளின் எழுத்தர்களுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தேன். எல்லாம் வாய்மொழியாக. சில ஆண்டுகளில் 'உறவினர் வேண்டுகோளின்படி' என்ற பாதி உதிர்ந்துவிட்டது. எழுத்தர்களுக்குக் கை வலிக்கும். முன்னேற்றம் மட்டும் மிஞ்சியது. பிழைத்தவனும் முன்னேற்றம், வேனில் கண் செருகிப் போனவனும் முன்னேற்றம்.

செவ்வாய்க்கிழமை அந்த வார்டு டாக்டரே அறைக்கு வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். நாற்பது வயது இருக்கும். சட்டைப் பையில் குறிப்பாணையை நான்காக மடித்து வைத்திருந்தார். அதை எடுத்து விரித்து, படிக்காமல், மறுபடி மடித்தார்.

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க சார். இந்த ஊர்ல சீரியஸ் ஆனா வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறாங்க. நான் விடமாட்டேன். ஆக்சிஜன எடுத்தா வழியிலயே போயிடுவாங்க, இருங்கன்னு சண்டை போட்டு வைப்பேன். சில பேரு பிழைச்சாங்க. சில பேரு செத்தாங்க. செத்தவங்கள செத்தாங்கன்னு எழுதினேன்."

"சரிதானே."

"மத்த வார்டுல மாதிரி அனுப்பி வச்சிருந்தா என் வார்டுல ஒருத்தர்கூட செத்திருக்க மாட்டாங்க." சிரிக்க முயன்றார். வரவில்லை. "அனுப்பறவங்களுக்கு முன்னேற்றம்னு போடுற பழக்கத்த யார் சார் ஆரம்பிச்சது?"

"பழைய வழக்கம்," என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். பழைய வழக்கம் என்பது அரசு அலுவலகத்தில் குற்றவாளிக்கு வைக்கப்படும் மரியாதையான பெயர். நானே பலமுறை மற்றவர்களுக்கு வைத்திருக்கிறேன். அன்று எனக்கு வைத்துக்கொண்டேன். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியை மேசையோரம் தள்ளி வைத்துவிட்டு, ஆய்வு டாக்டரைக் கூப்பிட்டேன்.

"உங்க ஆய்வுத் திட்டம் பக்கம் பதினொண்ணு, ரெண்டாம் பத்தி. இறப்புப் பதிவேடுகளோட பிணைக்கறதுக்கு நெறிமுறைக் குழு அனுமதி குடுத்தாச்சு. பேரூராட்சிகளுக்குக் கடிதமும் ரெடியா இருக்கு."

"அது ரெண்டாம் கட்டம் சார். ஜனவரியில ஆரம்பிக்கறதா…"

"ஜனவரின்னு எழுதல. 'முதல் கட்டத்தைத் தொடர்ந்து'ன்னு எழுதியிருக்கு. நாளைக்குக் காலையில தொடருவோம்."

வீட்டில் இறந்தவர் மருத்துவமனைப் பதிவேட்டில் இருக்க மாட்டார். அவர் வீடு இருக்கும் பேரூராட்சியின் இறப்புப் பதிவேட்டில் இருப்பார். இறந்த நாள், இறந்த இடம், தகவல் அளித்தவர் என்று அதிலும் கட்டங்கள் உண்டு. இறந்த இடம் என்ற பத்தியில் 'வீடு' என்று வரும் வரிகளை மட்டும் எடுத்து, நம் பட்டியலில் முன்னேற்றத்தோடு போனவர்களுடன் ஒப்பிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. புதன், வியாழன், இரண்டு நாள் இருந்தன.

புதன்கிழமை முடித்த இரண்டு பேரூராட்சிகளிலேயே டாக்டரின் முகம் மாறிவிட்டது. நான் பட்டியலிலிருந்து வயதும் விலாசமும் சொல்வேன். அவர் பதிவேட்டில் விரலை ஓட்டுவார். விரல் நிற்கும். முன்னேற்றத்துடன் போனவர் மறுநாள். முன்னேற்றத்துடன் போனவர் அன்று மாலையே. இன்னொருவர் மூன்றாம் நாள். ஒவ்வொரு முறை விரல் நிற்கும்போதும் அவர் என்னைப் பார்ப்பார். நான் அடுத்த வரிக்குப் போவேன்.

"சார், உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?" என்று ஜீப்பில் கேட்டார்.

"சந்தேகம் இருந்துச்சு," என்றேன். அதுவும் முறையான பதில்தான்.

வியாழக்கிழமை கடைசியாக வைத்திருந்தது பூதப்பாண்டிப் பேரூராட்சி. வேண்டுமென்றே கடைசியாக வைத்திருந்தேன். நேரம் போதாமல் போகும் என்று ஒரு நப்பாசை. மழை விட்டிருந்தது, வயல்களில் தண்ணீர் நின்றது. பன்னிரண்டு மணிக்கே போய்ச் சேர்ந்துவிட்டோம். ஜீப் ஓட்டுநர்களுக்கு, தேவையில்லாத அன்றுதான் வேகம் வரும்.

பதிவேட்டு எழுத்தருக்கு என்னைத் தெரியும்.

"வாங்க சாரே. ரிட்டையராயும் உங்களுக்குத் தூசி விடமாட்டேங்குதே. காப்பி சொல்லட்டா?"

"பதிவேட்ட எடும் ஓய். காப்பி பொறவு."

"இதா பாருங்க, டாக்டரம்மா. முப்பது வருசமா இவரு இப்பிடித்தான். காப்பிய குடுத்தாலும் ரசீது கேப்பாரு."

டாக்டர் சிரித்தார். மூன்று நாளில் முதல் முறை. நான் பட்டியலை விரித்தேன். முதல் இரண்டு பேர் கிடைக்கவில்லை, பிழைத்திருக்கிறார்கள். மூன்றாவது கிடைத்தது. நான்காவது வரிக்கு வந்தேன். தண்ணீர் குடித்தேன். பிறகு வாசித்தேன்.

"பெண். அறுபத்தெட்டு. கீழத்தெரு. அஞ்சு நாள் படுக்கை. முன்னேற்றம்."

டாக்டரின் விரல் இரண்டு பக்கம் ஓடி நின்றது. "இருக்காங்க சார். டிஸ்சார்ஜுக்கு மறுநாள் காலையில. இடம், வீடு. தகவல் அளித்தவர், உடன்பிறந்தவர்…" அந்தக் கட்டத்திலிருந்த கையெழுத்தைப் பார்த்தார். நான்கு மாதமாக ஒவ்வொரு தாளின் அடியிலும் அவர் பார்த்துவரும் கையெழுத்து அது. கடைசி எழுத்தை நான் கீழே இழுத்து ஒரு புள்ளி வைப்பேன். போலி போடுவது கஷ்டம் என்று பெருமையடித்திருக்கிறேன்.

எழுத்தர் காப்பி சொல்ல வெளியே போயிருந்தார். டாக்டர் பேனாவை எடுத்தார்.

"எழுதட்டுமா சார்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எழுதுங்க. எண் போடுங்க. பெயர் வேண்டாம்."

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசியில் அக்காவுக்குக் காய்ச்சல் நெஞ்சில் இறங்கியது. நான் வேலை பார்த்த மருத்துவமனையிலேயே சேர்த்தேன். ஐந்தாம் நாள் டாக்டர் என்னை மட்டும் தனியே அழைத்துச் சொன்னார். அக்கா முகமூடியை விலக்கி, "வீட்டுக்கு" என்றாள். என் பொறுப்பில் கொண்டு போகிறேன் என்ற உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டேன். என்னிடம் வேலை பழகிய எழுத்தர் பெண் தாளை வைத்துக்கொண்டு, "சார், என்ன போட?" என்று கேட்டாள். "வழக்கம்போல," என்றேன்.

வீட்டில் அக்காவைப் பார்த்துக்கொண்டது அவள் மருமகள். மகன் அப்போது குவைத்தில். அந்தப் பெண்ணிடமும் நான் உண்மையைச் சொல்லவில்லை. கொஞ்சம் பரவாயில்லை என்றேன். விடியற்காலை அவள் இரண்டு கரண்டி கஞ்சித் தண்ணீர் கொடுத்திருக்கிறாள். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. மகன் வந்தான். காரியங்களெல்லாம் முடிந்ததும் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தான். முன்னேற்றம். அன்றிலிருந்து அவன் மனைவியைப் பார்க்கிற பார்வை மாறிவிட்டது. பிறகு அவளையும் குவைத்துக்குக் கூட்டிப் போனான். ஒரே வீட்டில் இருக்கிறார்கள். ஆனால் சண்டை வரும்போதெல்லாம், ஆஸ்பத்திரியில் நன்றாகி வந்த அம்மா உன் கையால்தானே போனாள் என்ற பேச்சு எங்காவது வந்துவிடுமாம். அவளே ஒரு முறை என்னிடம் கேட்டாள்: "மாமா, அந்தக் கஞ்சிதானா?" இல்லை மக்கா என்றேன். ஏன் இல்லை என்று சொல்லவில்லை. சொன்னால், வீட்டுக்குக் கொண்டு வந்தது யார் என்ற கேள்வி வரும்.

திற்பரப்புக்காரர் அண்ணனுக்குப் பயந்தார். நான் அக்காவின் மகனுக்குப் பயந்தேன். வேறுபாடு என்னவென்றால், அவர் இன்னொருவரிடம் கெஞ்ச வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் என் இடம் மேசையில் இல்லை, சுவரோரம். வார்டு டாக்டர் குறிப்பாணையை முன்னால் வைத்து, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்திருந்தார். மூன்று மருத்துவமனைகளின் எழுத்தர்களையும் வரச்சொல்லியிருந்தார்கள். அந்த எழுத்தர் பெண்ணும் இருந்தாள். இப்போது என் பழைய நாற்காலியில் இருப்பவள் அவள்தான்.

ஆய்வு டாக்டர் புதிய அட்டவணையை வைத்தார். இறப்புப் பதிவேடுகளோடு பிணைத்த பிறகு மற்ற வார்டுகளின் முன்னேற்றங்களில் பல இறப்பாக மாறியிருந்தன. தாலுகா வார்டு இப்போது தனியாக நிற்கவில்லை. எல்லோருக்கும் நடுவில், சாதாரணமாக இருந்தது. மேலதிகாரி அதை நீண்ட நேரம் பார்த்தார். அவர் முட்டாள் அல்ல. முட்டாளாக இருந்திருந்தால் கூட்டம் அங்கேயே முடிந்திருக்கும்.

"அப்ப இது டாக்டர் செஞ்ச தப்பு இல்ல, பதிவேட்டுத் தப்பு. வேணும்னே தப்பா எழுதியிருக்காங்க." எழுத்தர்கள் பக்கம் திரும்பினார். "யார் உத்தரவு? எழுத்துல இருக்கா?"

எழுத்தர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"அம்மா, நீங்க சீனியர். சொல்லுங்க."

எழுத்தர் பெண் எழுந்து நின்றாள். "எங்களுக்குச் சொல்லித் தந்தது அப்பிடி சார்."

"யார் சொல்லித் தந்தது?"

அவள் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அக்காவின் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்ன போட என்று கேட்டபோதும் இப்படித்தான் நின்றாள். புடவை முந்தானையின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். வார்டு டாக்டரின் கழுத்திலிருந்து கழற்றிய கயிறு இப்போது எழுத்தர்கள் கழுத்தைத் தேடிக்கொண்டிருந்தது. அவள் பெயர் சொல்லமாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. சொல்லாவிட்டால் அடுத்த குறிப்பாணை யாருக்கு என்பதும் தெரிந்தது.

"நான்," என்றேன். சுவரோரத்திலிருந்து சொன்னதால் குரல் எங்கிருந்து வந்தது என்று இரண்டு பேர் தேடினார்கள். எழுந்து மறுபடி சொன்னேன். "நான்தான் சொல்லிக்கொடுத்தேன். வாய்மொழியா."

"நீங்க விதி தெரிஞ்ச ஆளாச்சே."

"தெரிஞ்சதுனாலதான் எழுத்துல போடல."

மேலதிகாரி பேனாவை மூடினார். வீரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஓய்வு பெற்றவன் மீது நான்கு ஆண்டுகளுக்கும் மேல் பழைய நிகழ்வுக்காகப் புதிதாகத் துறை நடவடிக்கை தொடங்க முடியாது என்ற விதி, எழுந்து நிற்கும்போது என் நினைவில் இருந்தது. அவருக்கும் இருந்தது. டாக்டரின் விளக்கம் ஏற்கப்பட்டது என்று ஒரு வரியும், இனி வீட்டுக்குக் கொண்டு செல்லப்படுபவர்களை அப்படியே எழுத வேண்டும் என்று ஒரு வரியும் குறிப்பில் ஏறின. எழுத்தர்களைப் பற்றி வரி எதுவும் இல்லை. அரசாங்கத்தில் கருணை பெரும்பாலும் எழுதாமல் விட்ட வரியாகத்தான் வரும்.

தாழ்வாரத்தில் வார்டு டாக்டர் என்னை நிறுத்தினார். பழைய வழக்கத்தைப் பற்றிக் கேட்பார் என்று நின்றேன். அவர் கேட்டது வேறு.

"ஒரு அம்மா, சார். கடைசி ரெண்டு நாளா வீட்டுக்குப் போகணும், வீட்டுக்குப் போகணும்னே கேட்டாங்க. நான் விடல. விட்டிருக்கலாமோ?"

அவர் தோளைத் தொட்டுவிட்டு இறங்கினேன்.

குவைத்தில் வெள்ளிக்கிழமை விடுமுறை. அக்காவின் மகன் வாரந்தோறும் அன்று பிற்பகலில் கூப்பிடுவான். அன்றும் கூப்பிட்டான்.

"மாமா, மழை உண்டா அங்க? சாப்பிட்டியளா?"

"மக்கா, உனக்க அம்மைக்க டிஸ்சார்ஜ் கடலாசு கையில இருக்கா?"

"பெட்டியில இருக்கு. என்னத்துக்கு?"

"அதுல உள்ளது பொய்யி. எழுதச் சொன்னது நான்."

எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். டாக்டர் என்னிடம் சொன்னது, அக்கா கேட்டது, நான் கையெழுத்துப் போட்டது, வழக்கம்போல என்றது. கஞ்சி கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அந்தக் காலையைத் தாண்டியிருக்க மாட்டாள் என்பது. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று இரண்டு முறை திரையைப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"ஆறு வருசம், மாமா," என்றான் கடைசியில்.

"தெரியும்."

"எங்கிட்ட பேசாண்டாம் இப்பம்."

"உங்கிட்ட பேசல்ல. அவ எங்க?"

"அடுக்களையில நிக்கா."

"போன அவகிட்ட குடு."

பிறகு காலடிச் சத்தம் கேட்டது. குக்கர் விசில் ஒன்று மிக அருகில் கேட்டது. அவன் என்ன சொல்லிக் கொடுத்தான் என்று தெரியவில்லை. எதுவும் சொல்லியிருக்க மாட்டான்.

"சொல்லுங்க மாமா," என்றாள். "அடுப்ப அணைச்சிட்டேன். என்ன விசேசம்?"